இல்லம் இனிதாக: கழிப்பறை மணக்க என்ன செய்யலாம்?



விராலிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் வரைந்துள்ளார். ஆவூர்ப் பாஸ்காவைக் காண ஆண்டுதோறும் உறவினர் பலர் அவர் இல்லத்திற்கு வந்து தங்குவது வழக்கமாம். "வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட நான் அஞ்சவில்லை. பாய் விரிக்க இடம் போதுமா என்ற கவலையும் இல்லை. கழிப்பறை நாற்றத்தை எண்ணித்தான் உள்ளம் கூசுகிறது. கடையில் விற்கும் வாசனைப் புட்டிகள் மூன்றை வாங்கித் தெளித்துப் பார்த்துவிட்டேன். அரை மணி நேரம் ரோசா மணக்கிறது. அதற்குப் பிறகு ரோசாவும் சேர்ந்து நாறுகிறது. காசைக் கரியாக்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளத் தெளிப்பு ஏதேனும் உண்டா?" என்று வினவியிருக்கிறார்.

மடலின் இறுதியில், போகிற போக்கில் எழுதியதுபோல் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. "எங்கள் அத்தை மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. இரவில் எழுந்து போனால் வீடு நாறுகிறதாம். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்களாம்."

தெளிப்புக்கு வழி கேட்டு வந்த மடலில் நம் நெஞ்சை உறுத்தியது இந்தக் கடைசி வரிகளே. எனவே இத்திங்கள் இரண்டுக்கும் விடை காண முயல்வோம். தெளிப்பு செய்யும் முறையையும் சொல்வோம். அத்தையை எண்ணியும் சில சொல்வோம். ஆனால் அதற்கு முன் நாற்றத்தின் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நலம். மூலத்தை அறியாமல் தெளிப்பது, ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதைப் போன்றதே.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையே குறித்தது. பூவின் மணமும் நாற்றமே. காலப்போக்கில் அச்சொல் தன் நிலையிலிருந்து இறங்கி, இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருளுக்கு வந்து நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலத்தின் நாற்றத்திற்குக் காரணமான பொருள்களுள் 'இண்டோல்' என்பது ஒன்று. அதே இண்டோல் மிகச் சிறிய அளவில் மல்லிகைப் பூவிலும் இருக்கிறது. கீரமங்கலம் பூச்சந்தையில் கூடை கூடையாய்க் குவியும் மல்லிகையின் கிறக்கும் மணத்தில் அதற்கும் பங்குண்டு. அளவு சிறிதாயின் மணம், மிஞ்சினால் நாற்றம்.

கழிப்பறையில் நம்மை வருத்தும் நாற்றங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை. சிறுநீர் வெளிவரும்போது அதில் வாடை மிகுதியாய் இருப்பதில்லை. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா பிறக்கிறது. ஆகவே இந்த வாடை, "இங்கே சிறுநீர் தங்கிக் கிடக்கிறது" என்று நமக்குச் சொல்கிறது. இரண்டாவது, மலம் கழித்தவுடன் எழும் வாடை. இது இயற்கையானது, சிறிது நேரத்தில் அகல்வது. மூன்றாவது, அழுகிய முட்டையின் வாடை. இது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவினுடையது. கழிப்பறையை யாரும் பயன்படுத்தாத வேளையிலும் இவ்வாடை வீசுமாயின், அது தொட்டியிலிருந்தோ குழியிலிருந்தோ வீட்டிற்குள் வழி கண்டுகொண்டது என்று பொருள்.

இவற்றுள் வாசனைத் தெளிப்புக்கு உரியது இரண்டாவது வகை மட்டுமே. முதல் வகைக்கு வேண்டியது நீரும் துடைப்பமும். மூன்றாம் வகைக்கு வேண்டியவர் கொத்தனார். இந்த வேறுபாட்டை அறியாமல் மூன்றுக்கும் ஒரே புட்டியை நாடுவதால்தான் ரோசாவும் நாறிப்போகிறது.

நீர்ப்பூட்டும் காற்றுக் குழாயும்

கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே குழாய் வளைந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். அந்த நீரே வீட்டிற்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள கதவு. அதனை நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். 1775-ஆம் ஆண்டு இலண்டன் நகரில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இத்தகைய வளைகுழாயுடன் கூடிய கழிகலத்திற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வளைவு மட்டும் இல்லையெனில், கழிப்பறையை வீட்டிற்குள் வைப்பதை எவரும் ஒப்பியிருக்க மாட்டார்.

நம் சிற்றூர்களில் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ், 12,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன் பல இல்லங்களில் கழிப்பறைகள் எழுந்தன. இவற்றில் பரிந்துரைக்கப்பட்ட சரிவான பீங்கானில் நீர்ப்பூட்டின் ஆழம் 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரிலேயே கழுவிவிடலாம் என்பது இதன் நன்மை. நீர் அரிதான நம் மாவட்டத்திற்கு இது பொருத்தமே. ஆயினும் பூட்டு சிறியது ஆகையால், சித்திரை வெயிலில் சில நாள்கள் பயன்படுத்தாமல் விட்டாலே அது வற்றிப்போகக் கூடும். பிள்ளைகளைப் பார்க்கத் திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று திரும்பும் பெற்றோர், பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்கடியில் உள்ள நானி டிராப்பும் இவ்வாறே வற்றும். ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும், வாடை நிற்கும். பல நாள்கள் வெளியூர் செல்வோர், நீரை ஊற்றியபின் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயையும் விட்டுச் செல்லலாம். எண்ணெய் மிதந்து போர்வையாகி, நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கும்.

அடுத்தது காற்றுக் குழாய். செப்டிக் டேங்கில் உண்டாகும் வாயு வெளியேற ஒரு குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி, உச்சியில் கொசு வலை கட்டவேண்டும். வலையில்லையெனில் அதுவே கொசுக்களின் வாயிலாகும். குழாய் தாழ்ந்திருந்தால், வாயு மேலே செல்லாமல் சன்னல் வழியே உள்ளே திரும்பும். இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறைக்கு இக்குழாய் தேவையில்லை. அதன் வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். அங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறு. ஒரு குழி நிறைந்தவுடன் வழியை மாற்றி, மறு குழிக்கு விடவேண்டும். நிறைந்த குழியை 2 ஆண்டுகள் மூடி வைத்தால், உள்ளிருப்பது மக்கி, வாடையற்ற எருவாகும். மாற்ற மறந்தாலோ இரண்டு குழிகளிலும் ஒருசேர விட்டாலோ அந்த நன்மை இல்லை.

காய்ந்த பொருள் நாறுவதில்லை என்பதற்கு அண்டை மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. காவிரிக் கரையில் உள்ள முசிறியில் 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனம், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, மலத்தின்மேல் சாம்பல் தூவும் கழிப்பறைகளைப் பரப்பியது. ஈரம் அகன்றதும் வாடையும் அகன்றது. அந்நிறுவனத்தின் சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் பாட்டிமார் எருக்குழியின்மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டியதும் இதே அறிவினால்தான்.

விராலிமலைச் சகோதரிக்கு இவற்றையெல்லாம் ஒரு சிறு மடலாக எழுதி, தெளிப்பு செய்யுமுன் கழிப்பறையைச் சுற்றி ஒருமுறை நடந்து வரும்படி வேண்டினோம். பத்து நாள்களில் மறுமொழி வந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் அவர்கள் வீட்டுக் காற்றுக் குழாய் இடையில் முறிந்ததாம். முறிந்த குழாயின் வாய், கழிப்பறைச் சன்னலுக்கு நேராக, ஒரு முழத் தொலைவில் நின்றதாம். புயலில் போன ஓடுகளை மாற்றினார்கள். விழுந்த தென்னைகளை அகற்றினார்கள். இந்தக் குழாயை மட்டும் எவரும் நோக்கவில்லை. அத்தனை ஆண்டுகளாக அத்தையின்மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி இந்த முறிந்த குழாய்க்கு உரியது!

தெளிப்பு செய்யும் முறை

குழாயைச் சரிசெய்தாயிற்று, தரையும் உலர்ந்தது என்றால், இனி தெளிப்புக்கு வருவோம். இரண்டு வகைகளைக் கூறுகிறோம்.

முதல் வகை, அமருமுன் தெளிப்பது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சூசி பாட்டீஸ் என்னும் பெண்மணி இதனைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அதன் தத்துவம் எளியது. எண்ணெய் நீரில் கரையாது; மேலே மிதக்கும். கழிகலத்தில் தேங்கிய நீரின்மேல் நறுமண எண்ணெய் மெல்லிய ஏடாகப் படர்ந்தால், கீழே விழுவதன் வாடை எளிதில் மேலெழாது. வற்றும் நீர்மேல் சமையல் எண்ணெய் விடச் சொன்னோமே, அந்தப் போர்வையேதான் இதுவும்.

200 மில்லி லிட்டர் கொள்ளும் தூய தெளிப்புப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, அதில் 15 துளி யூகலிப்டஸ் தைலமும் 15 துளி எலுமிச்சைப்புல் தைலமும் சேர்த்துக் குலுக்குங்கள். தைலம் முதலில் ஸ்பிரிட்டில் கலந்தால்தான் பின்னர் நீரில் நன்றாகப் பரவும். அதன்பின் பாத்திரம் துலக்கும் திரவம் மூன்று துளி விட்டு, கொதித்து ஆறிய நீரால் புட்டியை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கி, அமருமுன் கலத்து நீர்மேல் நான்கைந்து முறை தெளிக்கவேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது. ஆகவே அடுப்பருகிலோ மெழுகுவர்த்தி அருகிலோ இதனைச் செய்யாதீர்கள்.

இம்முறை நாற்காலி போன்ற மேனாட்டுக் கழிகலத்திற்கே நன்கு பயன்படும். அதில்தான் நீர் குளம்போல் தேங்கி நிற்கிறது. நாம் குந்தி அமரும் பீங்கானில் நீர் தெரியும் இடம் மிகக் குறைவு. மலம் விழுவது பெரும்பாலும் சரிவின்மேல். அங்கே எண்ணெய் ஏட்டுக்கு வேலையில்லை. அதற்குச் சிறந்த தெளிப்பு, அமருமுன் அரைக் குவளைத் தண்ணீரைப் பீங்கான் முழுதும் நனையும்படி ஊற்றுவதே. நனைந்த பீங்கானில் எதுவும் ஒட்டாது. குறைந்த நீரிலேயே கழுவியும் போகும். செலவில்லாத இந்த முறையைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்கலாம்.

யூகலிப்டஸ் என்றவுடன் நம் மாவட்டத்தார் சாலையோரம் எங்கும் நிற்கும் தைல மரங்களை நினைப்பர். ஆர்.எஸ்.பதி மரம் என்றும் நாம் அழைக்கும் அம்மரங்கள் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுபவை. நிலத்தடி நீரை அவை குடித்துவிடுகின்றன என்று உழவர்கள் நெடுநாளாக முறையிட்டு வருவதையும் அறிவோம். கடையில் வாங்கும் தைலம் பெரும்பாலும் வேறு இனத்தினுடையது. நீலகிரியில் 1843-இல் கொண்டுவந்து நடப்பட்ட வகை அது. நம் ஊர் இலையைக் கொதிக்கவைத்துத் தெளிப்பு செய்ய முயன்றால் நீர்தான் மிஞ்சும். பச்சை இலைக் கொத்து ஒன்றைக் கசக்கிச் சன்னலில் கட்டினால் ஓரிரு நாள் மெல்லிய மணம் தரும், அவ்வளவே.

இரண்டாம் வகை, சிறுநீர் வாடைக்கானது. இதற்கு வெள்ளை வினிகரும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் போதும். ஒரு கண்ணாடிச் சாடியில் தோல்களை நிரப்பி, அவை மூழ்கும்படி வினிகர் ஊற்றி, மூடி, இரண்டு வாரம் வையுங்கள். பிறகு வடிகட்டி, சம அளவு நீர் சேர்த்துப் புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் நீரில் தோலை ஊறவைத்தால் நான்கு நாளில் பூஞ்சை பிடிக்கும், வினிகரில் கெடாது. இது மணத்தால் நாற்றத்தை மூடுவதன்று. அம்மோனியா காரத் தன்மை உடையது, வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் அம்மோனியா உப்பாகிப் பறக்காமல் அடங்கும். தரையை முதலில் நீரால் கழுவியபின் இதனைத் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் கழுவுங்கள்.

நம் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணமும் மிக்கது. அந்தச் சுண்ணத்தோடு சிறுநீர் படிந்து, பீங்கானில் மஞ்சள் கறையாகக் கெட்டிப்படும். அக்கறையே வாடையின் கருவூலம். இரவில் படுக்கச் செல்லுமுன் அதன்மேல் நீர் கலவாத வினிகரை ஊற்றி, பழந்துணியை நனைத்துப் போர்த்திவைத்தால், காலையில் தேய்க்க எளிதாகும். பளிங்குத் தரைக்கும் மொசைக் தரைக்கும் மட்டும் வினிகர் ஆகாது. அவற்றை அரித்துப் பொலிவைக் கெடுத்துவிடும்.

ஆப்பச் சோடாவும் வாடையை வாங்கிக்கொள்ளும். ஒரு சிறு கிண்ணத்தில் உலர்ந்த சோடாவை வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம். ஆனால் சோடாவையும் வினிகரையும் ஒரே புட்டியில் ஊற்றுவது வீண் வேலை. நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, ஏதோ பெரிய ஆற்றல் பிறந்ததாக எண்ணுகிறோம். உண்மையில் ஒன்றையொன்று தணித்துவிட்டு, வெறும் உப்பு நீராய் நிற்கும். மூடியிருந்தால் புட்டி வெடிக்கவும் கூடும்.

கலக்கக் கூடாதவை

இங்கே நம் சொந்தத் தவறொன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், நம் இல்லத்துக் கழிப்பறையைத் துலக்கும் ஆர்வத்தில், தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினோம். கறை அசையவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றினோம். மறுகணமே பச்சை கலந்த மஞ்சள் ஆவி எழுந்து தொண்டையைப் பற்றியது. கண்ணில் நீர் கொட்ட, சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினோம். இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. அன்று கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தால் இந்தப் பகுதியை எழுத நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே.

அந்த ஆவியின் பெயர் குளோரின். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பெல்ஜியத்து ஈப்பர் நகர்ப் போர்முனையில் படைவீரர்மேல் ஏவப்பட்ட நச்சு வாயு இதுவே. அதனை நாம் நம் குளியலறையில் நம் கையாலேயே உண்டாக்கினோம்! பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டை மட்டுமன்றி, வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்க்கலாகாது. ஒன்றைப் பயன்படுத்தினால் நன்கு நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மற்றதை வேறொரு நாளில் பயன்படுத்துங்கள். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரே பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் தீங்கே. முதலில் நீர் ஊற்றுங்கள்.

ஆசிட்டும் பினாயிலும் மிகுந்தால் இன்னொரு தீமையும் உண்டு. செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் கிருமிகளை அவை கொன்றுவிடும். செரிக்காத தொட்டி முன்னிலும் நாறும். அதைக் கண்டு இன்னும் ஆசிட் ஊற்றுவோம். இவ்வாறு நாற்றமும் செலவும் ஒன்றையொன்று வளர்க்கும்.

தைலப் புட்டியைக் குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். யூகலிப்டஸ் தைலம் ஒரு சிறு கரண்டி வயிற்றுக்குள் சென்றாலும் குழந்தைக்குப் பேராபத்து நேரும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 108 வண்டியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கைக்குழந்தை உள்ள இல்லத்தில் பூச்சி உருண்டையைக் கழிப்பறையிலும் துணிகளிலும் போடுவதைத் தவிருங்கள். பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். இழுப்பு நோய் உள்ளவர்க்கு எந்தத் தெளிப்பின் மணமும் மூச்சுத் திணறலைத் தூண்டலாம். அத்தகைய இல்லத்தில் திறந்த சன்னலே நல்ல மருந்து.

நாற்றம் நின்றுவிட்ட இடம்

அழுகிய முட்டை வாடையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் அது பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கு தன் உணர்வை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் போனது நாற்றமன்று. அதை அறியும் ஆற்றல். செப்டிக் டேங்கில் இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் அவ்வாறே விழுவதும் இதனால்தான்.

கழிவுநீர்த் தொட்டியைத் துலக்கப் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய சாவுகளுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை எவ்வளவாயினும் போன உயிர் மீள்வதில்லை. "பாதி தொட்டிதான், ஒருவர் இறங்கி அள்ளிவிடுவார்" என்று எவரேனும் சொன்னால் இசையாதீர்கள். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்துக் குழாயால் உறிஞ்சச் செய்யுங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதையும் செய்யாதீர்கள். நம் வீட்டுக் கழிப்பறை மணக்க மற்றொருவர் மூச்சு நிற்கலாகாது.

அத்தைக்கு

இனி அத்தையிடம் வருவோம். முதுமையில் சிறுநீரை அடக்கும் தசைகள் தளர்கின்றன. குளியலறைக்குச் செல்லும் வழியிலேயே சில துளிகள் சிந்துவது அவர்கள் குற்றமன்று. அதற்கு அஞ்சி நீரைக் குறைத்தால் விளைவது என்ன? சிறுநீர் அடர்ந்து, வாடை முன்னிலும் மிகும். எந்த நாற்றத்திற்கு அஞ்சி அவர் தாகத்தை அடக்கினாரோ, அந்த நாற்றம் அதனாலேயே வளர்கிறது. அதோடு மலச்சிக்கலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் வரும். முதியவர்க்கு அத்தொற்று வந்தால் காய்ச்சலும் எரிச்சலும் தோன்றுமுன்னரே, பேச்சுத் தடுமாறுவதும் ஆளை மறப்பதும் உண்டு. "வயதாகிவிட்டது, மறதி" என்று நாம் விட்டுவிடுவோம்.

ஆகவே காலை முதல் மாலை வரை அவருக்கு வேண்டிய நீரைக் கேட்டுக் கேட்டுக் கொடுங்கள். படுக்கைக்குச் செல்லும் நேரத்தை ஒட்டிச் சிறிது குறைத்தால் போதும். மாலை ஐந்து மணிக்கே நிறுத்துவது, அதிலும் நம் ஊர் வெயிலில், தவறு. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைக் கைக்கொள்ளட்டும். சிறுநீரின் வாடை திடீரென்று மாறினாலும், மலம் தார்போல் கறுத்துக் கடுமையாக நாறினாலும், தெளிப்பைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். சில நாற்றங்கள் உடல் நமக்கு அனுப்பும் ஓலைகள். அவற்றைப் படிக்காமல் வாசனை பூசி மறைத்தல் கூடாது.

கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சுவரில் பிடிகம்பி ஒன்றைப் பதியுங்கள். முடியாதவர்க்குக் கட்டிலருகில் கழிப்பு நாற்காலி வைத்து, அதன் கலத்தில் சிறிது நீரும் வினிகரும் ஊற்றி வைத்தால் அறையில் வாடை தங்காது. நனைந்த துணியைக் கூடையில் சேர்த்துவைக்காமல், சோடா கரைத்த நீரில் அப்போதே ஊறப்போடுங்கள்.

தெளிப்புப் புட்டியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதனைக் கழிப்பறைக்குள்ளேயே உயரத்தில் மாட்டிவைத்து, வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரும் தாமே பயன்படுத்தட்டும். பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ எடுத்துக் கொடுக்கட்டும். அத்தை வெளியே வந்த கையோடு மருமகள் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றால், ஒரு சொல்லும் சொல்லாமலே அத்தைக்கு எல்லாம் சொல்லியாயிற்று. பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கும் இதுவே பாடமாக அமைந்துவிடுகிறது. அவர்களுடைய தொட்டில் துணிகளை முகம் சுளிக்காமல் அலசிய கைகள் எவருடையவை என்பதை யாரேனும் ஒருநாள் அவர்களுக்குச் சொல்லவேண்டும். தந்தையர் சொன்னால் இன்னும் நன்று.

விராலிமலைச் சகோதரியின் இரண்டாம் மடலில் இறுதிச் செய்தியும் இருந்தது. புதிய காற்றுக் குழாயைப் பொருத்த ஒரு முற்பகல் ஆயிற்றாம். எலுமிச்சைத் தோல் இன்னும் சாடியில் ஊறிக்கொண்டிருக்கிறதாம். இரவு உணவுக்குப் பின் அத்தைக்கு ஒரு குவளை நீர் கொடுத்தாராம். முதல் நாள் பாதியை வைத்துவிட்டாராம். மறுநாள் முழுதும் குடித்தாராம்.